படையலில் ஒரு பீச் பழம்

காதல் என்று எவனாவது என் முன்னால் உருகினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டிக்கொள்கிறேன் என்று வருகிறவனிடம், "போய் உங்கம்மாவக் கூட்டிட்டு வா. அவங்க எதிர்ல சொல்லு" என்பேன். உடனே கிளம்பிப் போகச் செருப்பைத் தேடுவான். ஒரு காலத்தில் நானும் உருகியவள்தான்.

தேகு நகரத்து மில்லில் சங்-கில் என்கிறவன் பழக்கமானான். எங்கள் காதலை வீட்டில் சொல்ல அவனுக்குப் பயம். "உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதாதா?" என்பான். அந்த ஒரு பேச்சில் கிறங்கிப் போனேன். அப்பா தடுத்தும் கேட்காமல் கட்டிக்கொண்டேன்.

என் பிறந்த வீட்டார் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவனுடையது ஆண்டோங் பக்கத்துப் பழைய குடும்பம். மாதம் தவறாமல் யாருக்காவது படையல். "செத்தவங்களுக்குச் சோறு போடாத வீட்டுப் பொண்ணு" என்று நான் வந்த அன்றே மாமியார் பேர் வைத்துவிட்டாள். போகட்டும், அவன் என் பக்கம் இருக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்தக் கோடையில் மாமனாரின் திதி வந்தது. கும்பிடுவது ஆண்கள், மருமகளுக்கு அடுப்படி. மீனையும் பூசணியையும் மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டே கேட்டேன்.

"மாமாவுக்கு என்னங்க ரொம்பப் பிடிக்கும்?"

"பீச் பழம்னா உயிரு. கடைசியா அதத்தான் கேட்டாரு. வாங்கி வையேன்." அவன் கண் கலங்கியது.

மனசைத் திறந்து காட்டிவிட்டான் என்று பூரித்துப் போனேன். சந்தைக்கு ஓடி நல்ல பழமாகப் பொறுக்கி வந்து, படையல் மேசையில் பேரிக்காய்க்கும் ஆப்பிளுக்கும் நடுவில் வைத்தேன்.

பொழுது சாய்ந்ததும் பங்காளிகள் வந்து நின்றார்கள். மாமியார் மேசையைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, பீச் பழம் இருந்தா ஆவி வாசப்படி தாண்டாதே! செத்த மனுசன வீட்டுக்குள்ள விடாம தொரத்துறாளே, பாவி!"

"யாரும்மா உன்ன வைக்கச் சொன்னது?" என்றார் பெரிய மாமனார்.

நான் சங்-கில்லைப் பார்த்தேன். ஒரே வார்த்தை, 'நான்தான்' என்றால் போதும். என் வாழ்க்கையே அதில்தான் தொங்கியது.

அவன் படையலுக்குப் போட்டிருந்த வெள்ளை அங்கியின் கையை நீவிவிட்டுக்கொண்டான். "எனக்கெப்படித் தெரியும், பெரியப்பா? அவ வீட்ல இதெல்லாம் பழக்கமில்ல."

"மண்டி போட்டு அவர்கிட்ட மன்னிப்புக் கேளுடி!" என்றாள் மாமியார்.

மண்டி போட்டேன். மேசை மேலிருந்த மாமனார் படத்தைப் பார்த்துச் சொன்னேன்: "மாமா, கடைசியா நீங்க பீச் பழம் கேட்டீங்கன்னு உங்க பிள்ளைதான் சொன்னாரு. இப்போ இல்லேங்கறாரு. எது பொய்யின்னு உங்களுக்குத் தெரியும்."

பழத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்று அதைக் கடித்துத் தின்றேன். தேனாக இனித்தது. வெள்ளை அங்கி தடுக்க, மூச்சிரைக்க சங்-கில் ஓடி வந்தான்.

"அம்மா முன்னாடி எப்படிடீ சொல்றது? நான் சொன்னது உனக்கும் எனக்கும் தெரியுமே. அது போதாதா?"

கொட்டையை அவன் காலடியில் துப்பினேன்.

"போதாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.