முதல் காய் பறிக்கும் வரை

குழாய்க்காரருக்கு ஒழுகும் சத்தம் ஆகாது. ஓய்வு பெற்று ஆண்டுகள் சில ஆனபிறகும், எங்கேனும் ஒரு சொட்டு விழுந்தால் அவருடைய வலக்கை தானாகவே ஸ்பானரைத் தேடும். மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் வீட்டைச் சுற்றி வருவார். சன்னல் சட்டத்தின் இடுக்கு, கதவின் கீழ்விளிம்பு, பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரம் என்று கண்ணில் பட்ட துளைகளையெல்லாம் அடைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

"மாமா இருக்கற வீட்டுல எறும்பு கூட அனுமதி வாங்கித்தான் நுழையணும்" என்பாள் மருமகள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த வீட்டுக்குத்தான் கோடையின் தொடக்கத்தில் மருமகளின் தந்தை ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு காகிதப் பொட்டலத்தோடும் வந்து சேர்ந்தார். பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரும் உறவும் இன்னமும் அவரைக் கண்டக்டர் என்றே அழைத்தன. அவர் தனியே குடியிருந்த வீட்டை உரிமையாளர் இடிக்கப்போவதால், வேறு இடம் அமையும்வரை மகள் வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. பெட்டியில் துணிமணியும், சிவப்புக் கயிறு கோத்த அவருடைய பழைய விசிலும் இருந்தன. பொட்டலத்தில் இருந்தவை நுரைப்பீர்க்கு விதைகள்.

முன்னறையில் இரண்டு கட்டில்கள் போடப்பட்டன. மின்விசிறியைக் குழாய்க்காரர் சொல்லும் மூன்றில் வைப்பதா, கண்டக்டர் கேட்கும் நான்கில் வைப்பதா என்ற சண்டை முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. செய்தித்தாளை யார் முதலில் பிரிப்பது என்பது அதற்கடுத்த வாரத்துச் சண்டை. கண்டக்டர் உட்கார்ந்து படிக்கமாட்டார். கதவு நிலையின் மேற்கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி நின்றபடி, தெருக்கோடிக்குக் கேட்கும் குரலில் வாசிப்பார்.

"உக்காந்து படிச்சா எழுத்து ஓடிப் போயிடுமா, சம்பந்தி?"

"முப்பது வருஷம் நின்ன காலு. உக்கார வெச்சா கோவிச்சுக்குது. நீங்க கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க, காத்து வரட்டும்."

குழாய்க்காரரின் மனைவி இறந்த நாளிலிருந்து அந்த அறையில் பகல் நேரத்தில் பேச்சுக்குரல் என்று ஒன்று இருந்ததில்லை. சண்டை போட ஓர் ஆள் கிடைத்ததில் குழாய்க்காரருக்குப் பசி கூடியிருந்தது. அதை அவர் எவரிடமும் சொல்லவில்லை; மருமகள்தான் உலையில் இன்னொரு பிடி அரிசி சேர்த்துப் போடத் தொடங்கினாள்.

வீட்டின் பின்புறம் துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே துண்டு நிலம் ஒன்று சும்மா கிடந்தது. கண்டக்டர் அதைக் கொத்தினார். காற்று ஈரத்துணியாய் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் பருவம். நிழலில் நின்றாலும் வியர்வை கணுக்கால்வரை வழிந்தது. அந்தப் புழுக்கமே விதைக்குப் பிடித்திருந்தது போலும்: ஊன்றிய விதை ஒன்றுகூடச் சோடை போகவில்லை. வெள்ளையடித்தபோது மிஞ்சிய மூங்கில்களை நட்டு அவர் பந்தல் போட்டார். கொடி காலையில் ஒரு கணுவைப் பற்றியிருந்தால் மாலைக்குள் அடுத்ததைத் தொட்டது. பந்தலோடு குடித்தனங்களும் வந்தன. ஓணான் ஒன்று மதில்மேல் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் தலையாட்டியது. அணில் கொடி கட்டியிருந்த கயிற்றின் நாரைப் பிய்த்துக்கொண்டு போனது. கொல்லைக் குழாயின் அடியில், சொட்டும் நீரில், பெரிய தேரை ஒன்று குடியிருந்தது.

குழாய்க்காரர் அந்தக் குழாயின் வாஷரை மாற்றினார். மறுநாள் தேரையைக் காணவில்லை.

"நல்ல காரியம் பண்ணீங்க. குடியிருந்தவனை ஒரே நாள்ல காலி பண்ண வெச்சிட்டீங்க" என்றார் கண்டக்டர். பிறகு உடைந்த தட்டு ஒன்றில் நீர் ஊற்றிக் கொடியின் அடியில் வைத்தார். இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தேரை திரும்பி வந்தது.

கொடி முதல் பூவை விரித்த வாரத்தில், துவைக்கும் கல்லின்மேல் மஞ்சள் நிறத் தூள் கொட்டிக் கிடப்பதைக் குழாய்க்காரர் பார்த்தார். அண்ணாந்து நோக்கினால் மூங்கிலில் விரல் நுழையும் அளவுக்கு வட்டத் துளைகள். கவராயம் வைத்து வரைந்தது போன்ற வட்டம். விரல் பருமனில், எண்ணெய் பூசியது போன்ற கருவண்டுகள் பெரும் இரைச்சலோடு அவற்றில் புகுந்து வெளிவந்தன. மூங்கில் இப்படிப் பொடிந்தால் பந்தல் என்னாவது?

கண்டக்டர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த நண்பகலில், குழாய்க் கசிவுக்கென்று வைத்திருந்த பசையை, அதாவது கலந்தால் கல்லாய் இறுகும் கறுப்பும் வெள்ளையுமான இரண்டு களிகளை, உள்ளங்கையில் பிசைந்து, ஏணி போட்டு ஏறி, வண்டுகள் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துத் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். கட்டைவிரலால் வழித்து, மூங்கிலோடு மூங்கிலாய்ச் சமப்படுத்தினார். சம்பந்தியின் பந்தல் சரியக் கூடாது என்ற நல்லெண்ணத்தைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை. செய்ததைத் தானே சொல்லிக்கொள்வது அவருக்கு வழக்கமில்லை. கண்டக்டரே பார்த்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தார். வேலை அத்தனை சுத்தமாக இருந்ததால் கண்டக்டர் கவனிக்கவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில், சன்னலுக்கு அப்பால் கண்டக்டர் தம் பழைய டிரைவரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"மாடி ரூம்தானே? வேற யாருக்கும் குடுத்துடாதே. பொண்ணு வீட்டுல எத்தனை நாள்தான் பாய் விரிக்கறது? சம்பந்தி தங்கமான மனுஷன், அதுக்காக அவர் தலைமேலயே உக்கார முடியுமா? ஒண்ணே ஒண்ணுடா. கொடி போட்டிருக்கேன். முதல் காயைப் பறிச்சு இந்த வீட்டுல குடுத்துட்டுக் கிளம்பிடறேன். வெறுங்கையா வந்தவன், வெறுங்கையா போனான்னு இருக்கக் கூடாது பாரு."

குழாய்க்காரர் மின்விசிறியை மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றினார். ஏன் மாற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஆனால் கொடி காய்க்கவில்லை. விடியும்போது பந்தல் முழுவதும் மஞ்சளாய்ப் பூத்தது; வெயில் ஏறியதும் பூக்கள் வதங்கின; அவற்றோடு விரலளவுப் பிஞ்சுகளும் பழுத்து உதிர்ந்தன. கண்டக்டர் அவற்றை எறியாமல் உள்ளங்கையில் பொறுக்கி, கொடியின் அடியிலேயே வைத்தார்.

"தண்ணி பத்தலையோ?" என்று கேட்டார் குழாய்க்காரர்.

"தண்ணி, எரு எல்லாம் சரியாத்தான் இருக்கு. இங்க பாருங்க, பின்னால பிஞ்சோட இருக்கறது பெண் பூ. அதோ கொத்தா இருக்கறதெல்லாம் ஆண் பூ. அங்க இருக்கற மகரந்தம் இங்க வந்து சேரணும். தானா நடந்து வராதே."

"பின்ன?"

"வண்டி வேணும். கறுப்பா, பெரிசா ஒரு வண்டு வந்துட்டிருந்ததே, அதுதான் வண்டி. விடிஞ்சதும் அதுல ஏறி இதுல இறங்கும். இப்ப ரூட்டையே ரத்து பண்ணிட்டாங்க போல. என் கை ராசி அப்படி."

குழாய்க்காரர் மூங்கிலை அண்ணாந்து பார்த்தார். கண்டக்டர் குளிக்கப் போனதும் நீண்ட திருப்புளி ஒன்றை எடுத்து வந்தார். தரைக்கடியில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க, திருப்புளியின் முனையைக் குழாயில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பது அவருடைய தொழில்முறை. முனையை மூங்கிலில் ஊன்றிக் காதை வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. மூச்சை அடக்கியதும் கேட்டது: மிக மெல்லிய சுரண்டல், நடுநடுவே, இன்னும் இறகு உறுதிப்படாத ஏதோ ஒன்றின் சிறு ரீங்காரம். தாய்களை வெளியே நிறுத்திப் பிள்ளைகளை உள்ளே வைத்து அடைத்திருக்கிறார்.

திருப்புளி கையிலேயே இருந்தது. பசையைக் குத்தி எடுக்க நேரமாகாது. துளை திறந்தால் வண்டு வரும். வண்டு வந்தால் காய் வரும். காய் வந்தால் தகரப் பெட்டி கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரும். அவர் திருப்புளியைக் கொண்டுபோய்த் தம் கருவிப் பெட்டியில் வைத்தார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நாளையும் பார்த்துக்கொள்ளவில்லை. தாம் ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லையே, செய்ததை அப்படியே விட்டிருப்பதுதானே என்று தமக்குத்தாமே வாதாடினார். பிழைப்பு முழுவதும் தண்ணீரை நிறுத்திப் பழகியவருக்கு ஒரு மனிதரை நிறுத்திவைப்பது அவ்வளவு பெரிய குற்றமாகத் தோன்றவில்லை. பகலில் அப்படி. பொழுது விடியும்போது மட்டும், கண்டக்டர் குனிந்து பிஞ்சு பொறுக்குவதைப் பார்க்காமலிருக்க அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அந்தப் புழுக்கத்தில் போர்வை.

பிறகு ஒரு காலையில் வீடு ஏனோ வெறிச்சென்றிருந்தது. மருமகள் போய்விட்டிருந்தாள், மகன் போய்விட்டிருந்தான். ஆனால் அது எல்லா நாளும் உள்ளதுதான். முன்னறைக்கு வந்து பார்த்தார். கண்டக்டர் கட்டிலில் உட்கார்ந்து, செய்தித்தாளை மடியில் விரித்து, வாய் திறவாமல் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சம்பந்தி, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"சத்தமே காணோம்?"

"நீங்கதானே உக்காந்து படிக்கச் சொன்னீங்க."

ஆளை நிறுத்தியாயிற்று, ஆனால் நிறுத்த நினைத்தது இந்த ஆளை இல்லை. குழாய்க்காரர் நேரே போய் ஏணியை எடுத்தார்.

பசை கல்லாய் இறுகியிருந்தது. சொந்த வேலையின் தரத்தை அவர் அன்றுதான் நொந்துகொண்டார். சுத்தியல் ஓசை கேட்டுக் கண்டக்டர் கொல்லைக்கு வந்தார்.

"என் பந்தலை ஏன் குத்திட்டிருக்கீங்க?"

"அடைச்சிருந்தேன். தெறக்கறேன்."

"எதை?"

"உங்க வண்டி ஷெட்டை." குழாய்க்காரர் கீழே பார்க்கவில்லை. "பந்தல் விழுந்துடக் கூடாதேன்னு அடைச்சேன். அதுங்க இல்லாம காய்க்காதுன்னு தெரிஞ்சப்புறமும் சும்மாதான் இருந்தேன்."

"ஏன்?"

"முதல் காயைப் பறிச்சதும் கிளம்பறதா டிரைவர்கிட்ட சொன்னீங்களே."

கண்டக்டர் ஏணியின் காலை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அது ஏணி வழுக்காமலிருக்கவா, வேறெதற்காகவா என்று மேலே இருந்தவருக்குத் தெரியவில்லை. கடைசித் துளையும் திறந்தபின் குழாய்க்காரர் இறங்கி, திருப்புளியை அவரிடம் நீட்டி, எப்படிக் கேட்பது என்று காட்டினார். கண்டக்டர் பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார்.

"உள்ள ஏகப்பட்ட கூட்டம்" என்றார். "படியில தொங்கறாங்க."

இரண்டு நாளில், பக்கத்தில் எங்கேயோ ஒதுங்கியிருந்த பெரிய வண்டு ஒன்று வந்து துளையை முகர்ந்து பார்த்தது. கோடைமழை ஒன்று பெய்து ஓய்ந்த காலையில், உள்ளே இருந்த இளசுகள் ஒவ்வொன்றாய்த் தலை நீட்டி, ஈரம் உலர்த்தி, தள்ளாடிப் பறந்தன. மூங்கில் பொடி மறுபடியும் துவைக்கும் கல்லின்மேல் விழுந்தது. குழாய்க்காரர் அதைத் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

உதிராத முதல் பிஞ்சை அவர்தான் பார்த்தார். இலைக்குப் பின்னால், பூ வாடியபிறகும் பச்சையாய், முதல் நாளைவிடச் சற்றே பருத்து நின்றது. அந்த இலையை இழுத்து அதன்மேல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. அவர் உள்ளே வந்து, செய்தித்தாளுக்குக் குறுக்கே நின்று சொன்னார்:

"உங்க காய் வந்திருக்கு. வடக்கு மூலையில. போய்ப் பாருங்க."

காய் நாளொரு விரலாய் நீண்டது. செய்தித்தாள் மறுபடியும் உரத்த குரலில் வாசிக்கப்பட்டது. மாடி அறையைப் பற்றி எவரும் பேசவில்லை. டிரைவர் மட்டும் ஒரு முறை கூப்பிட்டார்.

பறிக்கும் பருவம் வந்த காலையில், குழாய்க்காரர் சமையலறைத் தொட்டியின் கீழே குனிந்து, ஒழுகாத ஒரு குழாயை முடுக்கிக்கொண்டிருந்தார். முன்னறையில் தகரப் பெட்டி இழுபடும் ஓசை கேட்டது. மூடி திறந்தது, மூடியது. கண்டக்டரின் காலடிகள் அவரைக் கடந்து கொல்லைக்குப் போயின. வெகுநேரம் திரும்பி வரவில்லை. இருப்புக் கொள்ளாமல் குழாய்க்காரர் ஸ்பானரோடு எழுந்து போனார்.

காய் கொடியிலேயே தொங்கியது. அதன் காம்பில் ஒரு சிவப்புக் கயிறு இரட்டை முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தது. கண்டக்டர் தள்ளி நின்று, முடிச்சு நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது விதைக்காய்" என்றார். "அடையாளம் கட்டியிருக்கேன். மகளும் மாப்பிள்ளையும் தெரியாம பறிச்சுடப் போறாங்க, சொல்லி வைங்க. கொடியிலயே முத்தி, காஞ்சு, குலுக்கினா விதை சத்தம் கேக்கணும்."

"முதல் காயைப் பறிச்சுக் குடுத்துட்டுப் போறதாத்தானே பேச்சு?"

"பறிச்சாத்தானே போறது."

குழாய்க்காரர் ஸ்பானரைக் கை மாற்றிப் பிடித்தார். "டிரைவர் ரூமைப் பிடிச்சு வெச்சிருப்பாரே."

"சொல்லிட்டேன் அவன்கிட்ட. விசில் கயிறு கொடியில மாட்டியிருக்கு, வண்டி எப்படிடா கிளம்பும்னேன்."

பந்தலின் உச்சியிலிருந்து ஒரு கருவண்டு இரைந்துகொண்டு இறங்கி, இருவருக்கும் நடுவே ஒரு கணம் நின்று, பூவுக்குள் தலைகுப்புற நுழைந்தது. இரண்டு பேரும் அது வெளியே வரும்வரை பார்த்திருந்தார்கள்.

"சரி, இருங்க. ஆனா ஃபேன் மூணுலதான் ஓடும்" என்றார் குழாய்க்காரர். "இப்பவே சொல்லிட்டேன்."

"நாலு" என்றார் கண்டக்டர், உள்ளே நடந்துகொண்டே.

குழாய்க்காரர் மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முன்னறையில் செய்தித்தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.