குடுவைச் சூடு

அப்பா நீட்டியது வலது கையா இடது கையா என்பதில் மகளுக்கு இன்றும் சந்தேகம் உண்டு. வலது என்றே வைத்துக்கொள்கிறாள். பள்ளியிலிருந்து நேரே வந்து கட்டிலருகே நின்றவளை அந்தக் கைதான் விரலசைத்து உட்காரச் சொன்னது.

"நுரை வந்துச்சா?"

"பொங்கிட்டு வந்துச்சுப்பா. மேசையெல்லாம் நுரை."

பொய். அப்பா படுத்த படுக்கையான பிறகு, பள்ளியில் அவர் நடத்திய ஒன்பதாம் வகுப்பு வேதியியல் தற்காலிகமாக அவளிடம் வந்திருந்தது. அன்று காலை ஹைட்ரஜன் பெராக்சைடில் பாத்திரம் கழுவும் சோப்பையும் கரைத்த ஈஸ்ட்டையும் ஊற்றிவிட்டு, பிள்ளைகள் அத்தனை பேர் முன்னும் காத்து நின்றாள். குடுவைக்குள் ஒன்றிரண்டு குமிழி எழுந்து அடங்கியது. அவ்வளவுதான். மருத்துவர் முந்தின நாளே கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். போகிற மனிதரிடம் இதையா சொல்வது?

"குடுவை சூடாச்சா?"

"தொட முடியல."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உறங்கிவிட்டார் என்று எழப்போனவள், அவர் வயிறு குலுங்குவதைக் கண்டாள். சிரிக்கிறார்.

"ஜன்னலோரம் இருந்த பாட்டில்தானே? வெயில் பட்டு அது எப்பவோ வெறும் தண்ணியாப் போயிருக்கும். அதுல எப்படிடி பொங்குச்சு?"

அவள் முகம் தொங்கிப்போனது. "பசங்க சிரிச்சுட்டாங்கப்பா. உங்க வகுப்புல போய் நிக்கவே எனக்குத் தகுதியில்ல."

"எனக்கும் முதல் தடவை ஊத்திக்கிச்சு. உங்கம்மாவைக் கேளு."

அதே பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்த அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். "ஈஸ்ட்டைக் கொதிக்கிற தண்ணியில போட்டுக் கொன்னுட்டு, பாட்டில் சரியில்லன்னு என்னைத் திட்டினாரு. ஒரு மாசம் நான் முகம் குடுத்துப் பேசல. அப்புறம் பேசினது கல்யாணத்துல போய் முடிஞ்சுது."

"ஃப்ரிட்ஜ்ல நான் வாங்கி வெச்ச புது பாட்டில் இருக்கு. இங்கயே செய்யட்டும்," என்றார் அப்பா.

"படுக்கையிலயா? யாரு துவைக்கிறது?"

"நான் துவைக்கப்போறதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. அம்மாதான் முதலில் நகர்ந்தாள், பெரிய தட்டு எடுத்துவர.

பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்த குடுவையில் மகள் பெராக்சைடையும் சோப்பையும் ஈஸ்ட்டையும் ஊற்றினாள். ஒரு கணம் சும்மா இருந்த குடுவையிலிருந்து நுரை தடித்துத் திரண்டு, கழுத்தைத் தாண்டி, தட்டை நிரப்பிப் போர்வையிலும் வழிந்தது. "சொன்னேன்ல!" என்று அம்மா கத்தினாள்.

"டீச்சரம்மா, பாடத்தைச் சொல்லுங்க," என்றார் அப்பா.

"ஒண்ணா இருந்தது தண்ணியாவும் ஆக்சிஜனாவும் பிரியுது. பிரியறப்போ சூட்டை வெளிய விடுது." சொல்லிவிட்டு அவள் குடுவையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அப்பா குடுவையை இரு கையாலும் பற்றிக்கொண்டார். "பாஸ்," என்றார். நுரை அடங்கிய பிறகும் விடவில்லை. கண் மூடியிருந்தது.

சற்று நேரம் கழித்து அவள் குடுவையை மெல்ல உருவிவிட்டு அவர் கையைத் தொட்டாள். எத்தனையோ நாளாகச் சில்லிட்டிருந்த கை.

"அம்மா, அப்பா கை கதகதன்னு இருக்கு! தேறிட்டாரு!"

அம்மா வந்தாள். கையைத் தொடவில்லை. போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டாள். மார்பில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மறு வாரம் ஒன்பதாம் வகுப்பில் நுரை வந்தது. அடுத்த ஆண்டு மகளுக்கு அந்த வேலை நிரந்தரமாயிற்று. அம்மா அவளோடு வந்து இருந்துகொண்டாள். மாலையில் இருவரும் தேநீர் போட்டு, கோப்பை ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.