நுரையோட போட்ட எடை

ரிக்ல அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. சேத்துக்காரன்னுதான் கூப்பிடுவாங்க. எண்ணெய்க் கிணறு தோண்டுறப்ப உள்ள இறக்குற சேறு சரியான கனத்துல இருக்கான்னு பாக்குறது அவன் வேலை. கனம் குறைஞ்சா பூமிக்குள்ள இருக்கிற கேஸ் தள்ளிட்டு மேல வந்துடும். கூடிப்போனா பாறை விரிசல் விட்டு சேத்தைக் குடிச்சிடும்.

அந்த வேலையை வாங்கிக் குடுத்தது அக்கா புருஷன். ரிக்குக்கே பெரிய தலை அவர்தான். அதனால ஆளுங்க முதுகுக்குப் பின்னாடி இவனுக்கு வெச்ச இன்னொரு பேரு, இலவச இணைப்பு.

அன்னைக்கு மத்தியானம் கிணத்துலேருந்து திரும்பி வந்த சேறு சோப்புத் தண்ணியாட்டம் நுரைச்சிருந்துச்சு. தராசுக் கிண்ணத்துல ஊத்தினான். எடை குறைச்சலா காட்டுச்சு. பின்னாடி நின்ன மாமா எட்டிப் பாத்துட்டார்.

"சேறு இளைச்சுப்போச்சு மச்சான். தூளைக் கொட்டு."

பாரைட் தூளைச் சொன்னார். கனம் ஏத்துறது அதுதான்.

"இளைக்கல மாமா. கேஸ் குமிழ் கலந்திருக்கு. நுரையோட போட்டா இப்படித்தான் காட்டும். கிணத்தடியில குமிழெல்லாம் நசுங்கிக் கிடக்கும், அங்க கனம் சரியாத்தான் இருக்கும். நுரையை அடக்கிட்டு இன்னொரு வாட்டி போடுறேன், கொஞ்சம் பொறுங்க."

"நீ ஆத்தி எடுத்துட்டு வர்றதுக்குள்ள கிணறு நம்மளைத் தூக்கி அடிச்சிடும். டீக்கடையா வெச்சிருக்க?"

ஆளுங்க சிரிச்சாங்க.

முடியாதுன்னு நின்னிருந்தா தூள் விழுந்திருக்காது. ஆனா இத்தனை பேர் முன்னாடி மாமாவை எதுத்துட்டு, அப்புறம் எந்த மூஞ்சியோட அக்கா வீட்டுல சாப்பிடுறது. தலையை ஆட்டினான். மூட்டை மூட்டையா தூள் விழுந்துச்சு.

கனம் ஏறின சேறு அடியில பாறையைப் பிளந்துச்சு. உள்ள போன சேறு திரும்பி வரல. கிணத்துல மட்டம் இறங்க இறங்க, கேஸை அழுத்திப் பிடிச்சிருந்த பாரம் போச்சு. கேஸ் மேல எழும்பிடுச்சு. கிணத்து வாய் வால்வை மூடி எப்படியோ அடக்கினாங்க. ஆளுங்களுக்கு ஒரு கீறல் இல்ல. கிணத்தைத்தான் சிமெண்ட் ஊத்திப் புதைக்க வேண்டியதாப் போச்சு.

விசாரணைன்னாங்க. அன்னைக்குச் சிரிச்சவங்க ஒருத்தர் காதுலயும் எதுவும் விழலையாம். பரவாயில்ல, இந்த வாட்டி நாம வாயைத் திறந்துடணும்னு இவன் முடிவு பண்ணியிருந்தான்.

விசாரணைக்கு முந்தின நாள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டா. சோத்தைப் போட்டுட்டே, தட்டைப் பாத்துதான் பேசினா.

"நீயாத்தான் தூளைக் கொட்டினேன்னு சொல்லிடேன்டா. உனக்கு வயசு இருக்கு, வேற இடம் கிடைக்கும். அவருக்கு இனிமே யாரு வேலை குடுப்பா?"

"மாமா சொல்லச் சொன்னாரா?"

அக்கா குழம்பு ஊத்தினா. உள்ரூம்ல டிவி சத்தம் திடீர்னு குறைஞ்சுது.

அவன் சோத்தைப் பிசைஞ்சான். பிசைஞ்சிட்டே இருந்தான்.

"சரிக்கா."

டிவி சத்தம் மறுபடி ஏறுச்சு.