கண்மாய்க்குள் வந்த தறிக்கூடம்

ஆலடிப்பொட்டல் கண்மாய்க்குள் இன்பராஜின் விசைத்தறிக் கூடம் வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அதே நேரத்தில் அதே கூடம், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள அருப்புக்கோட்டையிலும் நின்றது. தகரக் கூரை, கதவில் காய்ந்த வேப்பிலைக் கொத்து, தடதடவென்ற சத்தம், எல்லாம் அச்சு அசல். பொழுது சாய்ந்ததும் கண்மாயில் நின்றது மட்டும் மறைந்தது, விடிந்ததும் வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் இரண்டு நாள் வாயைப் பிளந்தார்கள். மூன்றாம் நாள் முத்துப்பேச்சி தூக்குவாளியோடு உள்ளே போய்த் தறியில் நின்றாள். இத்தனை வருஷமாக முதல் பஸ்ஸில் நெரிபட்டுப் போய் ஓட்டிய அதே தறிதான். முழங்கால் வீங்கியவளுக்கு வேறென்ன வேண்டும்?

கூடம் கண்மாய்க்குள் வந்ததற்குக் காரணம் அவள் மகள் சத்யபிரியாதான். பூமியை ரேடாரால் படமெடுக்கும் செயற்கைக்கோளுக்குப் பெங்களூரில் ஆண்டெனா வடிவமைப்பவள். ஆண்டெனா அலையைக் கற்றையாக்கி ஓர் இடத்தில் பாய்ச்சும். ஆனால் எவ்வளவு சமர்த்தான ஆண்டெனாவும் ஓரத்தில் கொஞ்சம் சிந்தும், இடுப்புக் குடம் தளும்புகிற மாதிரி. சிந்திய அலை எங்கோ ஒரு தகரக் கூரையில் பட்டுத் திரும்பினால், அந்தக் கூரை வேறிடத்தில் இருப்பதாகப் படத்தில் பதியும். மற்ற ஊர்களில் அது படத்தோடு நின்றுவிடும். ஆலடிப்பொட்டலில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

தாலுகா அலுவலகத்துக்கு அதிசயத்தில் ஆட்சேபணை இல்லை. நீர்நிலை ஆக்கிரமிப்புதான் இடித்தது. கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அது அருப்புக்கோட்டைக் கதவிலும் ஒட்டிக்கொள்ள, இன்பராஜ் காரில் பறந்து வந்தார். "எங்கய்யா காலத்துக் கூடம்யா! பட்டா இருக்கு. கண்மாய் எப்பிடி அடியில வந்துச்சுன்னு கண்மாயக் கேளுங்க!" என்று கத்தினார். ஜேசிபி வந்தது. நிழலுக்குள் புகுவதுபோல் கூடத்துக்குள் புகுந்து, கொஞ்சம் சீமைக்கருவேல முள்ளோடு மறுபக்கம் வெளியேறியது; கூடத்தில் ஒரு கீறல் இல்லை. தறிக்காரர்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. புகார் பெங்களூருக்கு, சத்யபிரியாவின் அலுவலகத்துக்கே போனது.

"அதை எடுத்துறச் சொல்றாகம்மா," என்றாள் சத்யபிரியா போனில். "இல்லாட்டி என் வேலையை வேற ஆளுக்குக் குடுத்துருவாக."

"எடுத்துரு தாயி. ஒன் வேலை போயி நான் தறி ஓட்டி என்னத்துக்கு? பஸ்ஸுதான் இருக்குல்ல."

அந்த பஸ்ஸுதான் சத்யபிரியாவின் மனதை அறுத்தது. அலுவலகக் கழிவறையில் அழுதுவிட்டு, முகம் கழுவி, வந்து கணக்கில் உட்கார்ந்தாள். ஆண்டெனாவின் ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு சக்தி, எவ்வளவு தாமதம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். சிந்தலை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் எழும்பியது. எல்லாப் பக்கமும் அமுக்கினால் நடுக்கற்றை பருத்துப் படம் மங்கியது. அடியோடு ஒழிக்க முடியாது. எங்கே விழ வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்க முடியும். தீர்மானித்தாள்.

ஆய்வுக் கூட்டத்தில் புதிய படத்தைப் போட்டார்கள். கண்மாய் சுத்தம். பெரியவர்கள் கைதட்டி, சத்யபிரியாவுக்கு ஒரு கேடயமும் கொடுத்தார்கள். சிந்தல் எங்கே போனது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அத்தனை பேரும் இதைப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள்.

கூடம் இப்போது முத்துப்பேச்சி வீட்டுக்குப் பின்னால், அவளுடைய சொந்தத் தரிசில் நிற்கிறது. தாலுகா ஆட்கள் வந்து, நீர்நிலை இல்லை என்று பார்த்து, மோர் குடித்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். அன்று மதியமே சத்யபிரியாவுக்கு போன் வந்தது.

"ஏ தாயி, கூடம் ஆட்டுக்கொட்டாய் மேலயே நிக்குது. கொஞ்சம் கிழக்காம தள்ளி வையி."

"சரிம்மா," என்றாள் சத்யபிரியா. "அடுத்த சுத்துல பாக்குறேன்."