காட்டன் பனியனோடு சோங்குல் ஏரிக்கு

மதியம் மூன்றே கால் மணிக்குக் குமாரவேல் போனில் கூப்பிட்டபோது அமராவதி செக்கிங் மேசையில் நின்று பனியன்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் அவளும் கணவர் குமாரவேலும் நடத்தும் சின்ன பனியன் கம்பெனி அது. சைக்கிளில் நாடு சுற்றக் கிளம்பியிருந்த அவர் அப்போது கிர்கிஸ்தானில், சோங்குல் ஏரிக்கு ஏறும் மலைப்பாதையில், சைக்கிளோடு தன்னந்தனியாக நின்றிருந்தார்.

"மழை புள்ள. ஐஸ் மழை. போட்டிருக்கறதெல்லாம் நனைஞ்சு போச்சு. கை நடுங்குது."

"மாத்திக்குங்க. பையில நாலு பனியன் இருக்குதுங்களே?"

"நாலையும் ஒண்ணுமேல ஒண்ணாப் போட்டிருக்கறேன். நாலும் நனைஞ்சிருச்சு."

அந்த நாலையும் எடுத்து வைத்தது அமராவதிதான். புறப்படுவதற்கு முந்தின நாள் டெய்லர் முனீஸ், சைக்கிள்காரர்கள் போடும் பாலியஸ்டர் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். "உதறுனா காஞ்சிரும் அண்ணாச்சி." குமாரவேல் சிரித்தார். "பாலியஸ்டரப் போட்டுட்டுப் போனா நம்மளத் திருப்பூர்க்காரன்னு யாரு முனீசு நம்புவாங்க?" ஆனாலும் பையில் வைத்துக்கொண்டார். இருபது வருஷமாகக் காட்டனைத் தவிர வேறெதையும் உடம்பில் போடாத மனிதருக்கு அரிக்குமே என்று, அதை வெளியே எடுத்துவிட்டுத் தங்கள் கம்பெனிப் பனியன்களை மடித்து வைத்தாள் அவள். சாயப்பட்டறையில் நனைந்த காட்டன் துணியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்; அவ்வளவு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், லேசில் காயாது. அது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு ஏனோ தோன்றவில்லை.

"ஏனுங்க, பக்கத்துல ஊடு ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"ஒண்ணுந் தெரியல. புல்லும் பனியுந்தான். போன்ல சார்ஜும்..."

இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது.

முனீஸ் மிஷினை நிறுத்திவிட்டு வந்தான். அந்த நாட்டு அவசர எண் ஒன்றைத் தேடிப் பிடித்து, மூன்று முறை முயன்றான்.

"ஒருத்தன் எடுத்தான்க்கா. அவன் என்னமோ பேசுதான். நான் மழை, சைக்கிள், குமாரவேல்னு கத்துதேன். வச்சிட்டான்."

அமராவதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிப் போய்த் துண்டெடுத்துத் துவட்டக்கூடிய தூரமா அது?

"அந்தச் சட்டைய நாந்தான் எடுத்துட்டேன் முனீசு."

"தெரியும்க்கா. நீங்க பையிலருந்து வெளிய எடுத்து வச்சதப் பாத்தேன்." அவன் டீ டம்ளரை அவள் கையில் வைத்தான். "இப்ப அதப் பேச வேண்டாம். குடிங்க."

அவள் குடிக்கவில்லை. முருகனின் ஆறெழுத்து மந்திரத்தை மட்டும் உதடு சொல்லிக்கொண்டே இருந்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் கிளம்பவில்லை.

ஐந்தே முக்காலுக்குப் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. காற்றின் இரைச்சல். குதிரை ஒன்று செருமியது. ஒரு பெண் வேகவேகமாகப் பேசினாள். அதில் 'குமார்' என்ற சொல் மட்டும் புரிந்தது. என்ன ஆயிற்று அவருக்கு? அந்தக் குரலில் இருந்தது அழுகையா, அவசரமா?

"அம்மா, இருக்காருங்களா? உசுரோட இருக்காருங்களா?"

அந்தப் பெண்ணுக்கும் புரியவில்லை. பிறகு அவள் எதையோ ஊதி ஆற்றுவதுபோல் 'ஃபூ ஃபூ' என்றாள். உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் எழுப்பினாள். அதற்கப்புறம் நீளமாக, கரகரவென்று, குறட்டை விட்டுக் காட்டினாள். காட்டிவிட்டுச் சிரித்தாள்.

அமராவதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "தூங்கறாரு முனீசு. சூடாக் குடிச்சுட்டுத் தூங்கறாரு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் இணைப்பு அறுந்துவிட்டது. அந்தப் பெண் தன் கூடாரத்தில் சிக்னல் கிடைக்காமல், குமாரவேல் கொடுத்த எண்ணோடு, இதற்காகவே அந்த மழையில் மேடேறி வந்திருக்க வேண்டும். அமராவதி பலமுறை அழைத்தும் மறுபடி கிடைக்கவில்லை. ஒரு நன்றிகூடச் சொல்ல வழியில்லை.

மறுநாள் காலை திருமுருகன்பூண்டிக் கோயிலில், முருகன் சன்னதியில், குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார். "யார் பேருக்குங்க அர்ச்சனை?"

"ஒரு அம்மாவுக்குங்க. பேரு தெரியாது. நட்சத்திரமும் தெரியாது."

"அப்படீன்னா சாமி பேருக்கே பண்ணிடலாங்களே."

"இல்லீங்க. அந்தம்மாவுக்கே பண்ணுங்க. அவங்க யாருன்னு முருகனுக்குத் தெரியும்."

குருக்கள் உள்ளே போய், பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் சற்று நிறுத்திவிட்டு, மந்திரத்தைத் தொடர்ந்தார்.