கிணற்றில் விட்ட கெண்டைகள்

"மீனெல்லாம் எங்கீங்க?" என்று சுகாதார இன்ஸ்பெக்டர் கேட்டபோது அவர் கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். என் கிணற்றின் கடைசிப் படியில் குந்தியிருந்தார். கையில் ஒரு கண்ணாடி டம்ளர். தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"எந்த மீனுங்க?"

"போன வருசம் நான் கொண்டாந்து வுட்டது. சின்னக் கெண்ட. எரநூறு இருக்கும். பழைய வூட்டுக்காரரு சொல்லலீங்களா?"

சொல்லவில்லை. பொம்மிடி ஸ்டேஷனில் நான் சிக்னல் ஃபிட்டர். அந்தத் தை மாதம்தான் ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மைலில் இந்த வீட்டை வாங்கினேன். வீட்டைவிட எனக்குக் கிணறுதான் பிடித்திருந்தது. கருங்கல் கட்டு. பதினெட்டுப் படி இறங்கினால் கையால் தண்ணீர் மொள்ளலாம். தெருவில் ஐந்து வீட்டுக்காரர்களும் அதில்தான் இறங்கி மொண்டு போவார்கள். அது அவர்களுடைய பழைய பாத்தியதை என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டினால்தான் எனக்கு மனம் அமரும். அதனால் பங்குனியில் தண்ணீர் இறங்கியதும் ஆண்டி என்பவனையும் இன்னும் இரண்டு பேரையும் அழைத்துவந்து, நீரை முழுக்க இறைத்துத் தூர் எடுத்தேன். கடைசியில் முழங்கால் சேற்றில் வெள்ளி வெள்ளியாய்த் துள்ளின. "மீன மறுபடி வுட்றலாங்களா?" என்று ஆண்டி கேட்டான். "குடிக்கிற தண்ணியில மீன் எதுக்குடா, எடுத்துக்கிட்டுப் போ" என்றேன். மூன்று வீட்டில் அன்று மீன் குழம்பு. நான்கே நாளில் ஊறி நின்ற தண்ணீரில் அடிப்பாறை தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பங்குனியில் தூர் எடுத்ததைச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் டம்ளரை என்னிடம் நீட்டினார். "நல்லா பாருங்க. தூசு மாதிரி தெரியும். தூசு தானா எகிறாது."

பார்த்தேன். ஊசி முனை அளவில் வெள்ளைப் புள்ளிகள். நின்று நின்று, சொடுக்கிவிட்டதுபோல் தாவின. தண்ணீர்ப் பூச்சியாம். அதனால் தனியாக ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் நரம்புச் சிலந்தி என்கிற புழு நோய் வந்தவன் காலைத் தண்ணீரில் வைத்தால், புண்ணிலிருந்து அந்தப் புழு கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் தண்ணீரில் விடும். பூச்சி அவற்றைத் தின்னும். நாம் பூச்சியைக் குடிப்போம். வயிற்றில் பூச்சி செத்துப்போகும், குஞ்சு சாகாது. குடலைத் துளைத்து வெளியேறி, ஒரு வருஷம் போல உடம்புக்குள் சத்தமில்லாமல் வளரும். இரண்டு முழம், நூல் கனம். பிறகு காலுக்கு இறங்கி ஒரு கொப்புளம் போடும். அந்தக் கொப்புளம் நெருப்பாய் எரியும். எரிச்சல் தாங்காமல் ஆள் தண்ணீரைத் தேடிப் போவான். புழுவுக்கு வேண்டியதும் அதுதான். இந்தச் சுற்றில் ஓரிடத்தை அறுக்கத்தான் மீன். அது பூச்சியைத் தின்றுவிடும்.

எவ்வளவு கச்சிதமான வேலை என்று ஒரு கணம் வியந்துகூடப் போனேன். நான் லீவரை இழுத்தால் அரை மைலுக்கு அப்பால் சிக்னல் கை இறங்கும். நடுவில் கம்பி ஓடுவதை யாரும் பார்ப்பதில்லை. இங்கேயும் அப்படித்தான். இழுப்பதற்கும் இறங்குவதற்கும் நடுவில் ஒரு வருஷம்.

"இந்த நாலு மாசத்துல யாராச்சும் சிலந்திக் காலோட எறங்குனாங்களா?"

குள்ளம்மாள் ஞாபகத்துக்கு வந்தாள். நாலாவது வீடு. சித்திரையில் கணுக்காலில் புழு வந்து, விளக்குமாற்றுக் குச்சியில் அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நடந்தாள். தினம் ஒரு விரற்கடை இழுத்துச் சுற்ற வேண்டும். அறுந்தால் கால் சீழ் பிடித்துவிடும். ஒருநாள் இதே படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தாள். "சில்லுனு இருக்குதுங்க ஃபிட்டரே. தூர் எடுத்தீங்க பாரு, புண்ணியமாப் போவும்" என்றாள். நான் சிரித்தபடி ஏறிப் போனேன்.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் நடுவில் வந்து பார்த்திருக்க வேண்டியவர். அம்மை ஊசி போட மலைப்பக்கம் அனுப்பிவிட்டார்களாம். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"மருந்து இருக்குதுங்களா ஐயா?"

"கெணத்துக்கு இருக்குது. சுண்ணாம்பு போடுறன், மறுபடி மீன் வுடுறன். படிய அடச்சி, மேல சுவரு கட்டி, ராட்டினம் வெச்சிருங்க. யார் காலும் தண்ணியில படக்கூடாது." தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "குடிச்சது குடிச்சதுதான். வெளிய வந்தாத்தான் தெரியும்" என்றார்.

வீட்டுக்குள் போனேன். கண்ணம்மாள் கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். இருமத்தூர்ப் பக்கத்துப் பெண்.

"தண்ணிய வடிகட்டித்தான ஊத்துவ?" என்றேன், சாதாரணமாகக் கேட்பதுபோல.

"வந்த புதுசுல கட்டுனன். எங்கம்மா வூட்டுல சேலத் துணிய ரெண்டா மடிச்சிக் கட்டாம ஊத்தமாட்டாங்க. நீங்க தூர் எடுத்ததும் கண்ணாடியாட்டம் ஆயிட்டுது. அப்புறம் என்னாத்துக்குன்னு வுட்டுட்டன்." சல்லடையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "ஏங்க, மொகம் ஏன் இப்பிடி இருக்குது?"

மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். நான்காம் நாள், சாப்பிட்டுக் கை கழுவும்போது, எல்லாவற்றையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். மீன், பூச்சி, குஞ்சு, ஒரு வருஷம். எனக்கு விளக்க வரும். விளக்க விளக்கக் குரல் நன்றாகவே போயிற்று. அவள் கடைசிவரை கேட்டாள்.

"நீங்க பொழுதுக்கும் ஸ்டேஷன் தண்ணி குடிக்கிறவரு" என்றாள். அவ்வளவுதான். எழுந்து, பெட்டியிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்துக் கிழித்து, இரண்டாக மடித்துக் குடத்து வாயில் கட்டினாள்.

அந்த வாரமே படியை அடைக்க ஆரம்பித்தேன். கல் தூக்கினேன், காரை பூசினேன், ஸ்டேஷனில் கழித்துப்போட்ட ஒரு கப்பியைக் கேட்டு வாங்கி ராட்டினம் பொருத்தினேன். குள்ளம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வூடு வாங்கி வருசங்கூட ஆவல. அதுக்குள்ள கெணத்துக்குக் கதவா? நாளைக்கி மூச்சு வுடவும் உங்கள கேக்கணுமா ஃபிட்டரே?"

அவளிடமும் விளக்கினேன். அவள் பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "செலந்தி ஒடம்புச் சூட்டுல வர்றது. எங்கப்பனுக்கு ஏழு வந்துது. பூச்சியாம், மீனாம்!" பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். உள்ளே கண்ணம்மாள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. குள்ளம்மாள் தன் கணுக்காலைப் பார்த்தாள். ஒட்டிப்போன தழும்பு. ராட்டினத்தில் கயிற்றைப் போட்டாள்.

பிறகு நான் சும்மா உட்காரவே இல்லை. வேலைக்குப் போகுமுன் மீனுக்குப் பொரி போட்டு எண்ணுவேன். வெள்ளைத் துணியில் தண்ணீரை ஊற்றிப் புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பேன். ஐப்பசியில் ஒன்றுகூட இல்லை. கிணறு சரியாகிவிட்டது. அது எனக்கு நிம்மதி தரவில்லை. யுத்தத்துக்குப் போகும் பட்டாளத்து ரயில்கள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. கம்பியில் கிரீஸ் தடவிக்கொண்டே மாதங்களைக் கூட்டுவேன். சித்திரையிலிருந்து ஏழு. எட்டு. கண்ணம்மாள் குனிந்து கோலம் போட்டால் என் கண் அவள் காலுக்குப் போகும். தையில் ஒரு நாள் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டாள். "நல்லாப் பாத்துக்கோங்க" என்று காலை நீட்டினாள். கோபமா விளையாட்டா என்று பிரிக்க முடியவில்லை. நான் உண்மையாகவே பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாசி போயிற்று. பங்குனி போயிற்று. சித்திரை இரண்டாம் வாரம், காலை. நான் கப்பிக்கு எண்ணெய் விட்டு முடித்திருந்தேன்; குள்ளம்மாள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். கண்ணம்மாள் துணி துவைக்கும் கல்லுக்கு வந்தாள். கல்லைச் சுற்றி நேற்றைய தண்ணீர் குட்டையாய் நின்றது. அவள் இடது காலைத் தூக்கி வலது காலில் தேய்த்தாள். ஒரு முறை. இன்னொரு முறை.

"என்னா?"

"ஒண்ணுமில்ல. கொசு கடிச்சிருக்கும். அரிக்குது." குட்டையில் காலை வைக்கப் போனாள்.

எண்ணெய்க் கிண்ணத்தை எங்கே போட்டேன் என்று தெரியாது. ஓடிப்போய்க் குந்தி, அவள் பாதத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டேன். அவள் தடுமாறி என் தோளைப் பிடித்தாள். கணுவுக்கு மேலே, கடுகளவு சிவப்பு. கொசுக்கடியும் அப்படித்தான் இருக்கும். விரலை வைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

"எரியுதா?"

என் தோளில் அவள் விரல்கள் அழுந்தின.

குள்ளம்மாள் கயிற்றை இழுப்பதை நிறுத்திவிட்டாள். வாளி பாதிக் கிணற்றில் அந்தரத்தில் நின்று சொட்டியது. ஒவ்வொரு சொட்டுக்கும், பொரி விழுகிறது என்று நினைத்து, கெண்டைகள் மேலே வந்து வந்து வாயைத் திறந்தன.