காஷ்மீர் வரை பிடித்துத் தைத்த துணி

“ஆந்திரா பார்டர் எங்கங்க? நேத்து இங்கதான இருந்துச்சு—”

“எங்கயும் போவல. மடிப்புக்கு உள்ளதான் கீது. நீ ஏன் காலங்காத்தால—”

“மடிப்புக்கு உள்ள கீதாம்! அத்தப் பாக்கத்தான நானு சைக்கிள எடுத்துக்கினு—”

“லாரி நிக்கிற எடம் ஹாஜிரா அது! ரெண்டு பக்கமும் மலை மாதிரி லாரி. அதுக்கு நடுவுல நீ—”

“மலைன்னு சொல்லாதீங்க. அப்புறம் மலையையும் மடிச்சிருவீங்க.”

அன்றைக்குக் காலையில் தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் நடுவிலுள்ள எல்லை இரண்டு விரற்கடை அகலத்துக்குப் பிடித்துத் தைக்கப்பட்டிருந்தது. தைத்தவர் அப்துல் கஃபார். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் மாடி வீட்டில் குடியிருப்பவர். தி. நகரில் அய்யாதுரை அண்ணாச்சியின் ஜவுளிக்கடை மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டு ஆல்டரேஷன் பார்க்கிறவர். புதுத்துணி வெட்டுவது அவர் வேலையில்லை. கடையில் வாங்கிய சுடிதார் தோளில் தொங்கினால் பிடித்துக் கொடுப்பார், மாப்பிள்ளைச் சட்டை வயிற்றில் இறுக்கினால் பிரித்து விடுவார். ஊருக்கே ரெடிமேடாக வந்து இறங்குகிற காலத்தில் எதுவும் எவருக்கும் அளவாக வருவதில்லை என்பதால் அவருக்கு வேலை குறைந்ததே கிடையாது. எல்லையையும் அவர் அதே கையால், அதே பழுப்பு நூலால்தான் பிடித்தார். மறுநாள் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ரயில்கள் அத்தனையும் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டன. வந்து, சென்ட்ரலுக்குள் நுழைய இடமில்லாமல் வழக்கம்போல பேசின் பிரிட்ஜில் நின்றன.

இத்தனைக்கும் காரணம் முழங்கால். மனைவி ஹாஜிரா பீக்கு ஐம்பது வயதுக்கு மேல் முட்டி வலி வந்தபோது, லஸ் பக்கத்து டாக்டர் நடக்க வேண்டாம், சைக்கிள் மிதியுங்கள் என்று சொன்னார். மகன் சைஃப் கல்யாணமாகி வேளச்சேரி அபார்ட்மெண்டுக்குக் குடி போனபோது தன்னுடைய கியர் சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் விட்டுவிட்டுப் போயிருந்தான். முதல் வாரம் விழுந்தாள். அப்புறம் காய்கறி வண்டிகள் வருவதற்குள் மாட வீதியைச் சுற்றினாள், அப்புறம் சாந்தோம், அப்புறம் அடையாறு. ஒரு வருஷத்தில் முட்டி வலி போய்விட்டது, சைக்கிள் போகவில்லை. ஒரு நாள் ரசம் ஊற்றிக்கொண்டே, நான் காஷ்மீர் வரைக்கும் போய் வரப் போகிறேன் என்றாள். எதுக்கு என்று கேட்டார். மைல்கல்லில் எழுத்து மாறுகிற இடத்தைப் பார்க்கணும் என்றாள். தமிழ் முடிந்து தெலுங்கு ஆரம்பிக்கிற கல், தெலுங்கு முடிந்து இந்தி வருகிற கல், பஞ்சாபி வருகிற கல், கடைசியாக உருது. சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் கற்ற அந்த எழுத்தை அவள் புத்தகத்தில் பார்த்திருக்கிறாள், பள்ளிவாசல் சுவரில் பார்த்திருக்கிறாள். வழி சொல்லும் கல்லில், இன்னும் இத்தனை கிலோமீட்டர் என்று எழுதி, பார்த்ததே இல்லை. எட்டிப் பார்க்கிற தூரம் இல்லையே, அதனால் மிதித்துப் போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்துல் கஃபாருக்குச் சாலைகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கிழிசலில் தெரிந்தது. வண்டியிலிருந்து விழுந்தவர்கள் பேண்ட்டை அவரிடம்தான் கொண்டு வருவார்கள். முட்டியில் வட்டமாகத் தேய்ந்திருந்தால் தார் ரோடு, சல்லி சல்லியாகக் கிழிந்திருந்தால் வேலை நடக்கிற ரோடு. சில துணிகளை அண்ணனோ தம்பியோ கொண்டு வந்து தைத்து வைக்கச் சொல்லுவார்கள், அப்புறம் வாங்க வர மாட்டார்கள். அந்தத் துணிகள் மெஷினுக்குப் பின்னால் ஒரு பையில் இருந்தன. அவளைப் போகாதே என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. போவதென்றால் வழியை நான்தான் போடுவேன் என்றார்.

சைஃப் போனில் காட்டிய வழி பூராவும் பெரிய நெடுஞ்சாலையில் போயிற்று. சாக்பீஸ் படாத கோட்டை அவர் நம்புகிறவர் இல்லை. வெங்காயச் சருகு நிறத்துப் பாப்ளின் துணி ஒன்றைக் கட்டில் அகலத்துக்குக் கிழித்து, நாட்டை அதில் வரைந்து, சென்னையிலிருந்து ஸ்ரீநகர் வரைக்கும் சிவப்பு நூலில் ஓட்டுத்தையல் போட்டார். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற அறை கிடைக்கும் ஊரில்தான் தங்க வேண்டும். பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் சைக்கிளை விட்டு இறங்கிவிட வேண்டும். மழைக்கு முன்னால் சென்னையை விட வேண்டும், பனிக்கு முன்னால் காஷ்மீரைச் சேர வேண்டும். பஞ்சர் கடைக்குக் கறுப்பு முடிச்சு, நல்ல தண்ணீருக்கு நீல முடிச்சு. இதில் எதற்கும் ஹாஜிரா பீ மறுப்பு சொல்லவில்லை, ஊசியில் நூல் கோர்த்துக்கூடக் கொடுத்தாள். ஆபத்தான இடம் வந்தபோதுதான் தப்பு நடந்தது. ஆபத்துக்கு அடையாளமாக அவர் சாக்பீஸால் குறுக்கே இரண்டு கோடு போட்டார். அவருடைய தொழிலில் குறுக்கே இரண்டு கோடு போட்டால், இந்த இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். முப்பது வருஷப் பழக்கம், கை அவரைக் கேட்கவில்லை. தைத்து நூலைக் கடித்த பிறகுதான், ஆந்திரா எல்லை உள்ளே போய்விட்டது என்று கவனித்தார்.

முதலில் வந்து கேட்டவர் கீழ் வீட்டுச் சுந்தரவல்லி மாமி. “ஏண்டி ஹாஜிரா, உங்காத்துக்காரர் நெல்லூரை என்ன பண்ணினார்? எங்கக்கா மத்தியானச் சாப்பாட்டுக்கு வரேன்னு சொல்லிட்டு, நான் பல்லு தேய்ச்சிண்டு நிக்கறச்சே வாசல்ல வந்து நிக்கறா! ஒரு காபிப் பொடி கூட ஆத்துல இல்லை.” மற்றபடி புகார் இல்லை. மடிப்புக்குள் போன ஊர்க்காரர்கள், வெயில் கொஞ்சம் மட்டு, லைனிங் துணிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார்கள். நெல்லூர் அரிசி கிலோவுக்கு ஒரு ரூபாய் இறங்கிற்று.

பலிக்கிறது என்று தெரிந்த பிறகு அவர் தெரிந்தே தைத்தார். ஆதிலாபாத் காட்டுப் பாதையைப் பிடித்தார். சிவனிப் பக்கம் புலி இருக்கிறது என்று யாரோ சொல்ல, அதையும் பிடித்தார். சம்பல் பள்ளத்தாக்கை இரண்டு மடிப்பாக. பனிஹால் மலைச்சாலையை மெஷினில் வைக்க முடியாமல் கைத்தையலாகவே போட்டார். ஒவ்வொரு தடவையும் ஹாஜிரா பீ கிளம்புகிறேன் என்பாள், அவர் இன்னும் ஒரே ஒரு இடம் என்பார். முதல் வருஷம் மழை முந்திக்கொண்டது. அடுத்த வருஷம் மருமகள் இஃப்ராவுக்குப் பிரசவம். துணி ஜன்னலோரக் கொடியில் வெயிலில் தொங்கிக்கொண்டே இருந்தது. அதற்குள் விஷயம் தி. நகர் வரை போய்விட, அய்யாதுரை அண்ணாச்சி மாடிப்படிக்குக் கீழே குனிந்து வந்து உட்கார்ந்தார்.

“பாய், நம்ம சூரத்தை மட்டும் கொஞ்சம் பிடிச்சு விடுங்களேன். காலைல போன் போட்டா மத்தியானம் சரக்கு வந்துரும்லா?”

“அண்ணாச்சி, அது வீட்டுத் துணி. கடைத் துணி இல்ல.”

“பாரத தேசத்தையே வீட்டுத் துணிங்கீரு!”

“வீட்டம்மாவுக்குத் தைக்கிறது. வேற ஆளுக்கு அளவு சேராது.”

அண்ணாச்சி டீ மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வருஷம் ஆடி மாதத்தில், அடையாறு பாலத்தில் காலை நடைக்கு வருகிறவர்கள் மப்ளர் சுற்ற ஆரம்பித்தார்கள். சென்னைக்காரர்கள் சும்மாவே மார்கழிக்கு ஸ்வெட்டர் போடுகிறவர்கள் என்பதால் ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரத்தில் ஒரு நாள், ஹாஜிரா பீ வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள். கை இரண்டும் ஐஸ் போல இருந்தது. சைக்கிள் சக்கரத்தில் ஒரு சிவப்பு இலை ஒட்டிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கத்து மரத்தில் இல்லாத இலை, ஐந்து விரல் விரித்த மாதிரி.

“போய்ட்டு வந்துட்டேன்,” என்றாள்.

“எங்க?”

“உங்க காஷ்மீருக்கு. பாலத்துல ஏறினேன், எறங்கினா அங்க கீது. போன வருஷத்துக் குளிரு மடிப்புல மாட்டிக்கினு இன்னும் போவல போல. ஒரு ஆளு அங்கிக்கு உள்ள நெருப்புச் சட்டி வெச்சிக்கினு உக்காந்திருக்காரு. எங்கர்ந்து வர்றம்மான்னு கேக்கறாரு. மயிலாப்பூர்னு சொல்ல வெக்கமாப் போச்சுங்க.”

“கல்லு?”

“இருந்துச்சு.”

“படிச்சியா?”

“தூரத்துல ஒரு எழுத்து வளைஞ்சு தெரிஞ்சுது. கண்ண மூடிக்கினு வண்டியத் திருப்பிட்டேன். பஸ் ஹாரன் கேட்டப்புறம்தான் தொறந்தேன்.”

“பைத்தியமா நீ? அத்தப் பாக்கத்தானே இவ்ளோ—”

“நானா போனேன்? அதுவா வந்து நின்னுச்சு!” அவள் கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். “என் அளவு எடுத்துத் தச்சிருந்தீங்கன்னா போட்டுக்கினு போய்ட்டிருப்பேன். உங்க பயத்துக்கு அளவு எடுத்துத் தச்சி வெச்சிருக்கீங்க. அது எனக்கு எப்டிங்க சேரும்?”

அளவு சரியில்லை என்று சொல்கிற வாடிக்கையாளரிடம் அப்துல் கஃபார் ஒரு நாளும் வாதாடியதில்லை. அன்றைக்கும் வாதாடவில்லை. இந்தத் துணியைப் பிரித்தால் மறுபடி அத்தனை காடும் அத்தனை லாரியும் அவளுக்கும் தனக்கும் நடுவில் வந்து விழும், அதில் ஏதோ ஒரு இடத்தில் அவள் விழுந்தால், அந்தச் சேதியைக் கொண்டு வருவதற்கு ஒரு கிழிசல்கூடத் தன் கைக்கு வராது என்று நினைத்தார். சில நாள் மெஷினில் உட்கார்ந்தபடி ஒன்றும் தைக்காமல் இருந்தார். அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தார். துணியைக் கட்டிலில் விரித்து, பிளேடை எடுத்து, காஷ்மீர்ப் பக்கமிருந்து பிரிக்க ஆரம்பித்தார்.

பனிஹாலைப் பிரித்ததும் அடையாற்றில் குளிர் விட்டது. சம்பல் மடிப்பிலிருந்து கொஞ்சம் மண் கொட்டியது. ஹாஜிரா பீ அதை முறத்தில் அள்ளிக் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டாள், செடி அந்த வருஷம் நன்றாக வந்தது. ஆந்திரா எல்லையைப் பிரித்தபோது டீசல் நாற்றம் அடித்து அடங்கிற்று. எல்லாவற்றையும் நீவி விட்ட பிறகுதான் இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ஜன்னல் வெயிலில் மூன்று வருஷம் தொங்கித் துணி முழுக்க வெளுத்திருந்தது. மடிப்புக்குள் இருந்த பட்டைகள் மட்டும் வாங்கின அன்றைய நிறத்தில் அப்படியே இருந்தன. பிரித்து விடுகிற வேலையில் இது எப்போதும் உள்ளதுதான். உள் துணி சாயம் போயிருக்காதம்மா, கோடு தெரியும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவர் வழக்கம்.

நாட்டுக்கும் அப்படியே ஆயிற்று. சுந்தரவல்லி மாமியின் அக்கா நெல்லூரிலிருந்து போன் பண்ணி, பழைய ரோடு திரும்ப வந்துவிட்டது, நேற்றுப் போட்ட மாதிரி பளபளவென்று இருக்கிறது, ஒரு குழி இல்லை, வண்டி வாசனையே தெரியாமல் கிடக்கிறது என்றாள். லாரிக்காரர்கள் இந்த மூன்று வருஷத்தில் வேறு வழிகளுக்குப் பழகிப்போயிருந்தார்கள். பழகின வழியை விட்டு அவர்கள் திரும்பி வரவில்லை. புலிகளும் அப்படியே. ஆக, அப்துல் கஃபார் எந்தெந்த இடத்துக்குப் பயந்து குறுக்கே கோடு போட்டாரோ அந்தந்த இடம்தான் இப்போது நாட்டிலேயே சைக்கிளுக்குப் பத்திரமான இடம். இதை அவர் திட்டம் போட்டுச் செய்யவில்லை, செய்ததாகப் பின்னால் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

ஆவணி கடைசியில் ஹாஜிரா பீ கிளம்பினாள். சல்வார் ஓரத்துக்குக் கிளிப், பின்னால் இரண்டு பை, முன்னால் தண்ணீர். துணியைக் கூடக் கொண்டு போக முடியாது, பையில் மடித்து வைத்தால் நாடு மடிந்துவிடும். அதனால் ஊர்ப் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டாள். துணி கட்டிலில் விரித்தபடி கிடந்தது. அப்துல் கஃபார் தரையில் படுத்தார். காற்றில் ஓரம் புரண்டு எங்கேயாவது ஒரு ஊர் மடிந்துவிடக் கூடாது என்று மின்விசிறியும் போடவில்லை. சென்னைப் புழுக்கத்தில் அந்த இரண்டு மாதம் அவர் எப்படித் தூங்கினார் என்று சைஃப் இன்றைக்கும் கேட்கிறான்.

தினமும் அவள் போன் செய்தாள். எல்லையிலிருந்து பேசியபோது, “ரோட்டுக்குக் குறுக்க வரிசையா ஊசி ஓட்டை கீதுங்க, சைக்கிள் டுர்ர்ர்னு ஏறி எறங்குது,” என்றாள். “பாத்துப் போ,” என்றார். கல்லின் இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு, நடுவில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன் என்றாள். ஆதிலாபாத் தாண்டிக் கல்லில் தெலுங்கு போய் எழுத்துக்கு மேலே கோடு வந்துவிட்டது, துணி உலர்த்துகிற கொடி மாதிரி என்றாள். சம்பலில் ஒரு குடும்பம், மூன்று வருஷமாக நிழலிலேயே இருந்தோம், இப்போதுதான் அப்பளம் காய்கிறது என்று சொல்லி ஒரு கட்டு கொடுத்தார்களாம். பஞ்சாபில் ஒரு கிழவர் பால் வாங்கிக் கொடுத்து, உன் புருஷன் எப்படி விட்டான் என்று கேட்டாராம். விடவில்லை, பிரித்து விட்டார் என்று சொன்னாளாம். அவருக்குப் புரியவில்லையாம்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் தொழுகை முடிந்து வந்து கட்டிலோரம் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. காற்று இரைச்சல். அவள் ஹலோ சொல்லவில்லை. ஓதப் போன பெண் மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் படித்தாள். “சீன்... ரே... யே... நூன்... காஃப்... ரே.” ஆறும் சேர்ந்தால் ஸ்ரீநகர். அப்புறம் இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்ற எண்ணைப் படித்தாள். அவர் சிவப்பு நூலின் கடைசித் தையலில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொள்வது கேட்டது.

“பாத்துட்டேங்க. கண்ணத் தொறந்துக்கினே பாத்துட்டேன். இன்னா, கேக்குதா? இப்ப நீங்க பிடிச்சுத் தைங்க, ராத்திரி சோத்துக்கு வந்துடறேன்.”